கீழ் அறைத் தேன்

ஊசிமேட்டில் பிறந்த அத்தனை பேரும் தேன்பெட்டியாட்டம் ரீங்கரிக்க ஆரம்பித்த அந்த மார்கழியில், ரீங்கரிக்காமல் இருந்த சென்றாயனை ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. அவன் இந்த ஊரில் பிறந்தவன் இல்லையே, அவன் நெஞ்சு எப்படி இரையும் என்று விட்டுவிட்டார்கள். தேனிப் பக்கமிருந்து பூண்டு மூட்டை ஏற்ற வந்தவன், மரகதத்தைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டிலேயே தங்கிவிட்டவன். மீசை நரைத்து, மகள் சுகந்தியையும் வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்து முடித்த பிறகும், கோயில் பூசாரியிலிருந்து நேற்றுப் பேசப் பழகிய வாண்டு வரைக்கும் அவனுக்கு வைத்த பேர் “மாப்ள”. வாய் நிறையப் பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் எத்தனை வருஷமானாலும் மாப்பிள்ளை விருந்தாளிதானே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

சேனை வைக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாக ஒரு சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பார்கள், வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதற்காக நல்ல ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஊசிமேட்டில் அந்த நல்ல ஆள் யார் என்பதில் சண்டை வந்து, மண்டை உடைந்து, பங்காளிகள் பேச்சுவார்த்தை நின்று, கடைசியில் எந்தக் காலத்திலோ, மனுஷக் குணமே வேண்டாமடா சாமி, ஈயோட குணம் வரட்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் விரலாக இருந்தாலும் சரி, தேன் மட்டும் மரகதம் வீட்டுக் கொல்லையில் பேரிக்காய் மரத்தடிப் பெட்டித் தேனாக இருக்க வேண்டும். பெட்டியின் பலகை எத்தனையோ தரம் மாறிவிட்டது, ஈக்கள் மட்டும் அதே வம்சம். ஊசிமேட்டில் பிறந்து அந்தப் பெட்டியின் சொட்டு படாத நாக்கு கிடையாது.

பெட்டிக்கு இரண்டு அறை. மேல் அறையில் ஈக்கள் சேர்ப்பது மனுஷனுக்கு. கீழ் அறையில் சேர்ப்பது ஈக்களுக்கும் அதன் குஞ்சுகளுக்கும். கீழ் அறையில் கை வைப்பவன் பசித்தவன் தட்டில் கை வைப்பவன் என்பது அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகையில் மகள் பேறுகாலத்துக்காக மரகதம் கீழே போனாள். மலைப்பாதையில் பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் சம்பந்தி வீட்டிலிருந்துதான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்:

“என்னங்க, மேல் அறையில இந்த வருஷம் ஒரு பொட்டுத் தேன் இல்ல. ஐப்பசி மழை பூவையெல்லாம் அடிச்சிட்டுப் போயிருச்சு. பிள்ள பொறந்தா சக்கரைத் தண்ணி தொட்டு வச்சுக்குவோம், ஒண்ணும் குறைஞ்சிறாது. கீழ் அறையைத் தொட்டுறாதீங்க. பனிக்காலத்துக்கு அதுகளுக்கு அதுதான் சோறு.”

“நான் எதுக்குத் தொடப்போறேன்? போயிட்டு வா.”

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். அதுதான் பின்னால் அவனை அதிகம் குத்தியது.

மறு வாரமே சம்பந்தியம்மாள் ராக்கம்மாள் போனில் கூப்பிட்டாள். “என்ன சம்பந்தி, உங்க ஊருத் தேன் உங்க ஊருத் தேன்னு கல்யாணத்துல இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ வலி வந்துரும்கிறாங்க. தேனை இப்பவாச்சும் கண்ணுல காட்டுவீங்களா, இல்ல எங்க வீட்டுச் சக்கரையவே கரைச்சுக்கவா?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேடிக்கைச் சிரிப்புதான். ஆனால் ஊரே மாப்ள மாப்ள என்று கூப்பிட்டுப் புண்ணாகியிருந்த இடத்தில் அது போய் விழுந்தது. “மதியப் பஸ்ஸுல வரும்” என்று சொல்லிவிட்டான்.

சேனைக்கு வேண்டியது ஒரே ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டை மட்டும் எடுத்திருந்தால் ஈக்களுக்கும் தெரிந்திருக்காது, நானும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு சொட்டை எதில் வைத்து அனுப்புவது? அலமாரியிலிருந்து கண்ணாடி பாட்டில் ஒன்றைத் துடைத்து எடுத்தான். சாக்கைக் கொளுத்திப் புகை போட்டு, கீழ் அறையைத் திறந்து, ஒரு தேனடையை அறுத்துத் துணியில் கட்டிப் பிழிந்தான். கால் பாட்டில் வந்தது. கால் பாட்டிலை எப்படிச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, தூ என்று இருந்தது. இன்னொரு அடையை அறுத்தான், அரை பாட்டில். அரை பாட்டில் என்றால் மீதியை வீட்டில் வைத்துக்கொண்டான் என்று நினைப்பார்களே. இன்னொன்று, இன்னொன்று என்று அறுத்து, பாட்டில் கழுத்துவரை தளும்பிய பிறகு பார்த்தால் கீழ் அறையில் அறுக்க ஒன்றுமில்லை. பிழிந்த துணியில் வெள்ளை வெள்ளையாக ஈக்குஞ்சுகள் சோற்றுப் பருக்கை மாதிரி ஒட்டியிருந்தன. அதைப் பார்க்காதவன் மாதிரி துணியை வேலிக்கு அப்பால் உதறினான். பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் உதறினான்.

மதியப் பஸ்ஸில் பாட்டில் போனது. பேத்தி பிறந்தாள், சொட்டு வைத்தார்கள். “அசத்திட்டீங்க சம்பந்தி, தங்கமாட்டம் மின்னுது, தெருவே வந்து பாத்துட்டுப் போகுது!” என்றாள் ராக்கம்மாள். அவன் இரண்டு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மரகதம் மட்டும், “தேன் ஏது?” என்று கேட்டாள்.

“மேல் அறையில ஒரு ஓரமா இருந்துச்சு.”

“ஓ” என்றாள் மரகதம். அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் உறைபனி விழுந்தது. பூண்டுக் காடு முழுக்க உப்புக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது. காலையில் கொல்லைக்குப் போன சென்றாயன் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். சத்தமில்லை. விரல் முட்டியால் தட்டினான். தட்டினால் உள்ளே உஸ்ஸென்று ஒரு கோபம் கிளம்பும், அதுவும் இல்லை. வாசல் துளைக்கு முன்னால் பத்துப் பதினைந்து ஈக்கள் காலை மடக்கிக் கிடந்தன. செத்தேபோய்விட்டதா, இல்லை, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குளிரில் மூடியைத் திறந்தால் உள்ளே மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் போய்விடும், உயிரோடிருந்தாலும் சாகும். திறந்தால் கொலை, திறக்காவிட்டால் கொலை செய்தோமா இல்லையா என்றே தெரியாது. இதென்னடா சோதனை என்று ஒரு பழைய சாக்கை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, அது ஏதோ பெரிய உபகாரம் மாதிரித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டீ குடிக்கப் போனான்.

டீக்கடையில் முத்தையா கிளாஸை நீட்டியபடி வாயை மூடினார். மூடிய வாய்க்குள்ளிருந்து பெட்டியின் சத்தம் வந்தது.

“என்ன மச்சான், தொண்டை கட்டிருச்சா?” என்றான் சென்றாயன்.

“விடியக்காலைல இருந்து நெஞ்சு இரையுது மாப்ள. வலி கிலி ஒண்ணுமில்ல. எங்க வீட்டுல பிள்ளைகளுக்கும் அப்படித்தான், பக்கத்து வீட்டுலயும் அப்படித்தான். கட்டிட்டு வந்தவ மட்டும் இரையல, இதையே சாக்கா வச்சு நல்லா தூங்கறா” என்றார் முத்தையா. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக் காட்டினார்கள். கடை முழுக்க ரீங்காரம் நிறைந்தது. சென்றாயன் டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஊர் அதற்கு அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து மலைக் கிராமத்துக்கு யானை வந்தபோதும் இப்படித்தான், முதல் நாள் கூடிப் பேசினார்கள், அப்புறம் யானைக்குத் தக்கபடி பாதையை மாற்றிக்கொண்டார்கள். இரைகிறவர்கள் உள்ளூர் நாக்கு, இரையாதவர்கள் வந்த நாக்கு என்று தெரிந்துபோனதும் விஷயம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா டீச்சர் வருகைப் பதிவுக்கு உள்ளேன் டீச்சர் சொல்ல வேண்டாம், வாயை மூடினால் போதும் என்றுவிட்டாள். மார்கழி பஜனைக்குச் சுருதிப்பெட்டி தேவைப்படவில்லை. தொட்டிலை ஆட்ட ஆளில்லாத வீட்டில் யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும், பிள்ளை தூங்கியது. ரொம்ப நாளாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இரண்டு பேர், நெஞ்சு ஒரே சுருதியில் இரைவதைக் கேட்டு வெட்கப்பட்டு, கேரட் கழுவுகிற வாய்க்காலில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். குளிருக்கு இப்படியெல்லாம் வரும்தான் என்றார்கள் சிலர். பெட்டிக்கு ஏதோ ஆகியிருக்கு, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்களிடம் சென்றாயன், “நல்லாத்தான் இருக்கு, சாக்குப் போட்டிருக்கேன்” என்றான். மாப்ள சொன்னால் சரி என்று நம்பினார்கள். சந்தேகப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் காது மட்டும் தூங்கவில்லை. ஒவ்வொரு பனிக்கும் ஊரின் சத்தம் ஒரு சுற்று இறங்குவது அவனுக்குத் தெரிந்தது. பெட்டிக்குள் எத்தனை ஈ விழுந்தது என்று அவனுக்கு முத்தையாவின் நெஞ்சு சொன்னது, பூசாரியின் நெஞ்சு சொன்னது. சத்தம் இறங்க இறங்க ஜனங்களுக்குக் குளிர் தாங்கவில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும், கம்பளியைச் சுற்றியும், அடுப்பை விட்டு நகராமல் இருந்தும் பல் கிட்டியது. ஒரு வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுக்குப் போய் ஒண்டினார்கள். இரண்டு வீடு நாலு வீடாகி, கடைசியில் ஊரே சமுதாயக் கூடத்தில் பாய் போட்டது. நடுவில் படுத்தவர்கள் சூடேறியதும் எழுந்து ஓரத்துக்கு வந்தார்கள், ஓரத்தில் விறைத்தவர்கள் நடுவுக்குப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஏன் இப்படி மாறி மாறிப் படுக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டினி கிடப்பவர்கள் மாதிரி மெலிந்தும் போனார்கள், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டேதான் மெலிந்தார்கள். அது ஏன் என்று அந்தக் கூடத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். “உள்ள வா மாப்ள, செத்துகித்துப் போயிறாத” என்று இழுத்தார்கள். தன்னால் மெலிந்த கைகள் தன்னையே இழுப்பதைப் பார்க்க முடியாமல், காற்றாட வேண்டும் என்று பொய் சொல்லி எழுந்து போனான்.

மரகதத்தின் போன் வந்தது. அவள் நெஞ்சும் சுகந்தி நெஞ்சும் கீழே, வெயில் காயும் வத்தலக்குண்டிலும் இரைந்துகொண்டுதான் இருந்தது. மருந்துக் கடைக்காரர் இரைப்பு என்று மாத்திரை கொடுத்திருந்தார்.

“என்னங்க, எனக்குள்ள பெட்டி கேக்குது. குறைஞ்சுக்கிட்டே வருது. மேல் அறையில ஒரு பொட்டு இல்லன்னு பாத்துட்டுத்தானே நான் வந்தேன். பெட்டிய என்ன பண்ணுனீங்க?”

அவன் அழுவது அவளுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் சேலைத் தலைப்பில் சுற்றிய பாட்டில். ஒரே ஒரு சொட்டுக் குறைந்த பாட்டில். மிச்சமெல்லாம் சம்பந்தி வீட்டு அலமாரியில் பார்வைக்குத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே கொல்லைக்குப் போய், சாக்கை விலக்கிப் பெட்டியில் காதை வைத்தாள். பின்னாலேயே ஓடி வந்த சென்றாயன் பேரிக்காய் மரத்தடியில் நின்றுகொண்டு, இத்தனை நாள் மென்று வைத்திருந்ததையெல்லாம் கொட்டினான்.

“பாவி நான்தான் மரகதம். அவ கேலி பண்ணுனான்னு நான்தான் எடுத்தேன். ஒரு சொட்டுப் போதும்னு தெரிஞ்சே எடுத்தேன். ஊரைக் கூட்டிச் சொல்லிடறேன். கால்ல விழுந்துடறேன். என்னைய நீ…”

“சும்மா இருங்க. மன்னிப்புல சூடு கிடையாது. இதுகளுக்கு இப்ப வேணும்கிறது சூடு” என்றாள் மரகதம், காதை எடுக்காமலேயே.

அவளும் ஊரைக் கூப்பிடவில்லை. ஆனால் ஊர் வந்தது. கூடத்தில் ஒண்டிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மேகம் மூடிய அந்த நடுப்பகலில், கம்பளியும் குல்லாவுமாகக் கொல்லைக்குள் வந்து, பெட்டியைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முதல் வளையம், அதைச் சுற்றி இன்னொன்று, அதற்கும் வெளியே இன்னொன்று. கட்டிக்கொண்டு வந்த பெண்களும் ஜெசிந்தா டீச்சரும் பஸ் டிரைவரும், நெஞ்சு இரையாதவர்கள் அத்தனை பேரும், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கடைசி வளையமாக நின்றார்கள். சென்றாயனும் அங்கேதான் போய் நின்றான். உள்ளே சூடேறியவர்கள் வெளியே வந்தார்கள், வெளியே விறைத்தவர்கள் உள்ளே போனார்கள், அப்படி மாறி மாறி, அம்மி அரைப்பது போல நிதானமாகக் கூட்டம் சுற்றியது. சுற்றச் சுற்ற நடுவில் வெந்நீர் அடுப்புப் பக்கம் நிற்பது மாதிரி அனல் அடித்தது. பேரிக்காய் மரத்தின் மொட்டைக் கிளையில் உறைந்திருந்த பனி உருகி எல்லார் தலையிலும் சொட்டியது.

“என்னங்க, வாங்க இங்க” என்று நடுவிலிருந்து மரகதம் கூப்பிட்டாள். “இப்பத் தொறக்கலாம். மூடுன கைதான் தொறக்கணும்.”

வழி விட்டார்கள். வழி விட்ட ஒவ்வொருத்தர் நெஞ்சின் சத்தமும், கொசு பறப்பது மாதிரி மெலிந்துபோயிருந்ததை அவன் கேட்டுக்கொண்டே போனான். மூடியை நெம்பினான். உள்ளே அவன் அறுத்த இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. தரையில் விரற்கடை கனத்துக்குச் செத்த ஈக்கள். மூலையில், அவன் கத்தி எட்டாத காய்ந்த அடைத் துண்டில், ஒரு கைப்பிடி அளவுக்கு ஈக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தலையை அடைக்கண்ணுக்குள் விட்டபடி அசையாமல் இருந்தன. பசியில் செத்த ஈ அப்படித்தான் சாகும், கடைசிச் சொட்டைத் தேடித் தலையை உள்ளே விட்டபடி.

“செத்துப்போச்சு” என்றான் சென்றாயன்.

அப்போது எல்லார் நெஞ்சின் சத்தமும் ஒன்றாக நின்றது. அத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் காது அடைத்தாற்போல ஆயிற்று. யாரும் அழவில்லை, நகரவில்லை. ஒட்டி நின்றவர்கள் இன்னும் இறுக்கி நின்றார்கள்.

மரகதம் பாட்டிலைத் திறந்து காலி அடையில் தேனை ஊற்றினாள், கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள். “கையில எடுங்க. ஊதுங்க” என்றாள். அவன் அந்தக் கைப்பிடி ஈக்களை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஏந்தி, வாயருகே கொண்டுபோய், தன் மூச்சை விட்டான். ஒன்றுமில்லை. மறுபடி விட்டான். கண்ணீரும் மூக்கும் ஒழுக, மகள் பிறந்தபோது அழாத பிள்ளையை மருத்துவச்சி முதுகில் தட்டியதை நினைத்துக்கொண்டு, “நான் போறேன், நீங்க இருங்க, நான் போறேன்” என்று என்னென்னவோ உளறிக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட ஊதினான்.

ஒரு ஈ ஒரு காலை நீட்டியது. எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி அவன் உள்ளங்கை மேட்டுக்கு ஏறியது. ஏறி, அவன் யாரென்று பார்த்த மாதிரி கொஞ்சம் நின்றது, அப்புறம் பலங்கொண்ட மட்டும் கொட்டியது.

“கொட்டிருச்சு!” என்று கத்தினான் சென்றாயன். “மரகதம், கொட்டிருச்சு!” கை நெருப்பாக எரிய எரியச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈ கொடுக்கை அவன் தோலில் விட்டுவிட்டு உருண்டு விழுந்து செத்தது. அத்தனை பட்டினியிலும் அத்தனை குளிரிலும் பிழைத்துக்கொண்டது, அவனைக் கொட்டி முடித்ததும் செத்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் அதற்குள் கையிலிருந்த மற்றவை கலைந்து நகர ஆரம்பித்திருந்தன. நடுவிலிருந்து நீண்ட வயிற்றோடு ராணி நிதானமாக வெளியே வந்தாள். அடையில் விட்டதும் தலையைத் தேனுக்குள் விட்டன. பெட்டிக்குள்ளிருந்து மெல்ல, ரொம்ப மெல்ல, அந்தச் சத்தம் வந்தது. எல்லார் நெஞ்சிலிருந்தும் எடுத்துக்கொண்டு போனது மாதிரி பெட்டியிலிருந்து மட்டும் வந்தது. மரகதம் மூடியை வைத்தாள்.

ஊரார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சென்றாயன் அப்புறம் டீக்கடையில் நின்று எல்லாவற்றையும் சொன்னான், எல்லார் காலிலும் விழப் போனான். “அடச் சீ, எந்திரி. இனிமே யாராச்சும் கேலி பண்ணுனா எங்ககிட்டச் சொல்லு, நாங்க போய்க் கேக்குறோம்” என்றார் முத்தையா. திட்டுவார்கள், தள்ளி வைப்பார்கள் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவனுக்கு, இது செருப்படியை விடக் கனமாக இருந்தது. மாசியில் ஈக்கள் காலில் மஞ்சளாக மகரந்தம் அப்பிக்கொண்டு வந்தன. ஜனங்களுக்குச் சதை பிடித்தது. நெஞ்சில் சத்தம் இல்லாத வெறுமை கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதுவும் பழகிவிட்டது. ஜெசிந்தா டீச்சர் மறுபடி உள்ளேன் டீச்சருக்கு வந்துவிட்டாள்.

பங்குனியில் சுகந்தி பிள்ளையோடு மலை ஏறி வந்தாள். ராக்கம்மாளும் கூடவே வந்தாள். பிள்ளை தளதளவென்று இருந்தாள், எல்லார் மடிக்கும் போனாள், எல்லாப் பிள்ளையையும் போலச் சிரித்தாள், அழுதாள். “தாத்தாகிட்ட போடி” என்று மகள் சென்றாயன் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் பிள்ளை வாயை மூடியது. அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து, பட்டினி கிடந்த பெட்டியின் கடைசி நாள் சத்தம், கொசு பறக்கிற அளவுக்கு மெலிந்த அந்தச் சத்தம், அப்படியே வந்தது.

பதறிப்போய்ப் பிள்ளையை மரகதத்திடம் தந்தான். சத்தம் நின்றது. திரும்ப வாங்கினான், வந்தது. வேறு யார் கையிலும் வரவில்லை. “பாத்தீங்களா சம்பந்தி, தாத்தனுக்குன்னு தனியாப் பாடுறா!” என்று ராக்கம்மாள் கைதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் அன்று முழுக்கக் கொல்லைப்பக்கம் வேலை இருப்பதுபோல ஒளிந்து திரிந்தான். மறுநாளும் பிள்ளை கிடந்த பக்கம் போகவில்லை. சுகந்தி மடியிலிருந்து பிள்ளை அவன் பக்கம் கையை நீட்டியபோது எட்டி நடந்தான்.

மாலையில் மரகதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேரிக்காய் மரத்தடிக்கு வந்தாள். மரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது, பெட்டியின் வாசலில் ஈக்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

“ஓடுனா விட்டுருமா? அவ இங்க இருக்கற வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும். பிடிங்க” என்று பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

பிள்ளை அவன் நெஞ்சில் கன்னத்தை வைத்து வாயை மூடியது. அந்தச் சத்தம் வந்தது. சென்றாயனுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஓடவில்லை. பிள்ளையின் முதுகில் கையை வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்தி, பிள்ளை தூங்கிப்போன பிறகும், கூப்பிட வந்த சுகந்தியை வேண்டாம் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டு, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.